தேர்வறையில் நேர்மை எங்கே தளர்கிறது?

2015 மார்ச் 18 அன்று தமிழ்நாடு முழுவதும் பிளஸ் டூ கணிதத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஓசூரில் ஒரு தேர்வு மையத்திலிருந்து வினாத்தாளின் படங்கள் வாட்ஸ்அப் வழியாக வெளியே போயின. இந்த வழக்கில் கைதானவர்கள் தனியார் பள்ளி ஆசிரியர்கள். அறைக் கண்காணிப்புக்கு அனுப்பப்பட்டவரின் செல்பேசியே வினாத்தாளைப் படம் எடுத்தது என்பது குற்றச்சாட்டு. ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004 பிப்ரவரி வரை அது தர்மபுரி மாவட்டத்து ஊர். மாவட்டம் பிரிந்தாலும் பள்ளிகளின் பழக்கம் பிரியவில்லை. நாமக்கல் தொடங்கி தர்மபுரி, கிருஷ்ணகிரி வரை உறைவிடப் பள்ளிகள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு வளர்ந்த வட்டாரம் இது.

அதே மார்ச் மாதத்தில் பீகாரின் வைசாலி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்த பள்ளிக் கட்டடத்தின் சுவரில் உறவினர்கள் ஏறி, ஜன்னல் வழியாக விடைத்துண்டுகளை நீட்டிய படம் உலகம் முழுவதும் பரவியது. அங்கே நூற்றுக்கணக்கான மாணவர்கள் தேர்விலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவருக்காக வேறொருவர் நீட் தேர்வு எழுதியதாகப் புகார் வந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை விரிந்தபோது தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் அதற்குள் வந்தது. மாணவர்களோடு பெற்றோர் சிலரும் கைதானார்கள்.

மூன்று நிகழ்ச்சிகளிலும் பெரியவர்களின் கை இருக்கிறது. ஆனால் காப்பியைப் பற்றி நாம் பேசும்போது பேச்சு எப்போதும் பிள்ளையின் புத்தியில்தான் போய் நிற்கும். ‘வளர்ப்பு சரியில்லை’, ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்க மனமில்லை’ என்று முடித்துவிடுகிறோம். உளவியல் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக வேறு இடத்தைக் காட்டிவருகிறது. அந்த ஆய்வுகளை நம் பள்ளி வாசலில் வைத்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் பெரிய ஆய்வு 1928இல் வெளியானது. ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் வாய்ப்பு, விளையாட்டுப் போட்டியில் தன் கணக்கைத் தானே சொல்லும் வாய்ப்பு, சில்லறைக் காசு எடுக்கும் வாய்ப்பு என்று பலவிதம். ‘நேர்மையான பிள்ளை’, ‘நேர்மையற்ற பிள்ளை’ என்று இரண்டு இனம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. விடைத்தாளில் திருத்திய பிள்ளை காசைத் தொடவில்லை. காசை எடுத்த பிள்ளை விளையாட்டில் உண்மை சொன்னது. ஓர் இடத்து நடத்தையை வைத்து இன்னோர் இடத்து நடத்தையைச் சொல்வது மிகவும் கடினமாக இருந்தது. குணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஓரளவு நிலையான வேறுபாடுகளையும் கண்டார்கள். ஆனாலும் இடமும் சூழலும் இவ்வளவு வலிமையாக நடத்தையை வளைக்கும் என்பது அன்று நிலைநாட்டப்பட்ட உண்மை, இன்றும் நிற்கிறது.

அப்படியானால் எந்தச் சூழல்?

தர்மபுரியை எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது. மாநிலம் 80 சதவீதம், தர்மபுரி 68.5. பென்னாகரம், ஏரியூர், அரூர், சித்தேரி மலை என்று எந்தப் பக்கம் போனாலும் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதும் முதல் ஆள் தானே என்ற பிள்ளை கிடைக்கும். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையிலும் திருப்பூரில் பனியன் வேலையிலும் இருக்க, பாட்டி வீட்டிலோ விடுதியிலோ தங்கிப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. இந்தப் பிள்ளைக்குத் தேர்வு என்பது பாடம் புரிந்ததா என்று பார்க்கும் இடமாக இல்லை. தவறினால் மகனுக்குக் கொத்து வேலை, மகளுக்கு மாப்பிள்ளை என்று வீட்டில் முன்கூட்டியே பேச்சு நடந்திருக்கிறது. ‘பாஸ் பண்ணலன்னா கட்டிக் குடுத்துருவாங்க’ என்று சொல்லும் பெண்ணின் மேசையில் கிடைக்கும் துண்டுச்சீட்டைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட முடியாது.

கல்வி உளவியலில் எரிக் ஆண்டர்மனும் அவருடைய சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். வகுப்பறை எதைப் பெரிதாக நினைக்கிறது என்று மாணவர்கள் உணர்கிறார்களோ, அதை ஒட்டி ஏமாற்றும் அளவும் மாறுகிறது. புரிந்துகொள்வதும் முன்னேறுவதும் பெரிது என்று உணரும் வகுப்பில் காப்பி குறைவு. அடுத்தவரை முந்துவதும் மதிப்பெண்ணும் பெரிது என்று உணரும் வகுப்பில் அதிகம். பாடம் ஒன்றே, பிள்ளைகளின் வயதும் ஒன்றே. மாறுவது, ‘இங்கே எதற்கு மதிப்பு?’ என்ற கேள்விக்கு வகுப்பறை தரும் பதில். ஓர் ஆசிரியர் தவறான விடையை எடுத்துக்கொண்டு ‘எப்படி யோசிச்ச, சொல்லு’ என்று கேட்கிறாரா, விடைத்தாளைத் தூக்கிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைக்கிறாரா என்பதிலேயே பிள்ளைக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

பயம் அறிவையும் குறுக்குகிறது. மனத்தில் ஒரு கணக்கைப் போடும்போது எண்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் திறனை வேலைநினைவு என்கிறார்கள். அதன் கொள்ளளவு சிறியது. ‘போச்சு, தெரியல, அப்பா என்ன சொல்வாரு’ என்ற ஓட்டம் அந்தச் சிறிய இடத்திலேயே குடியேறிவிட்டால் கணக்குக்கு இடம் போதாது. படித்ததும் வராது. அந்த நேரத்தில் சட்டைப்பையில் பிட்டு இருந்தால் கை தானாகப் போகும். முதல் நாள் இரவு பிட்டு எழுதிவைத்து, ‘எழுதினதுலயே மனப்பாடம் ஆயிருச்சு, எடுக்கவே இல்ல’ என்று சொல்லும் மாணவர்களைப் பற்றி எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். பாடத்தைப் பிழிந்து ஒரு விரல் அகலத் தாளில் எழுதுவது நல்ல படிப்பு முறைதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது விடை அன்று, கைவிடப்படமாட்டோம் என்ற உறுதி.

புகழ்ச்சியும் இதே வேலையைச் செய்யும் என்பது பெற்றோர் பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1998இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். புதிர்களைச் சரியாகச் செய்ததும் சிலரிடம் ‘நீ ரொம்ப அறிவாளி’ என்றும், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள், எல்லோரும் தடுமாறினார்கள். கடைசியில், வேறு பள்ளிப் பிள்ளை ஒருவருக்குத் தங்கள் மதிப்பெண்ணைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னார்கள். அறிவாளி என்று புகழப்பட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அது சிறு பங்குதான். முகம் தெரியாத ஒரு பிள்ளையிடம், பெயர்கூட இல்லாத ஒரு தாளில் பொய் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு வந்துவிட்டது! 2017இல் லி ஜாவோ, காங் லீ உள்ளிட்டோர் சீனாவில் மூன்று, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. ‘நீ புத்திசாலி’ என்று கேட்ட குழந்தைகள், பெரியவர் வெளியே போனதும் அட்டையைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது கூடுதலாக இருந்தது.

இதனால்தான் காப்பி கடைசி வரிசையின் நோய் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும் என்கிறேன். 35 மதிப்பெண்ணுக்குத் தவிக்கும் பிள்ளைக்கு ஒரு பயம்; சென்டம் வாங்கியே தீர வேண்டும் என்று பள்ளி வாசல் பேனரில் முகம் போட்டு வைக்கப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு பயம். பின்னதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

பக்கத்து மேசைக்கு வருவோம். 1964இல் வில்லியம் போவர்ஸ் அமெரிக்காவின் 99 கல்லூரிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டபோது நான்கில் மூன்று பேர் ஏதோ ஒருவகையில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து டொனால்டு மெக்கேப், லிண்டா டிரெவினோ இருவரும் அதே பாதையில் போய்ப் பார்த்தார்கள். பிடிபடும் வாய்ப்பு, தண்டனையின் கடுமை, விதிகள் பற்றிய தெளிவு என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபோது மிக வலிமையாக நின்றது ஒன்றுதான்: சக மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற எண்ணம். அமெரிக்க ராணுவக் கல்லூரிகளின் பல பத்தாண்டுத் தரவுகளை வைத்து 2008இல் வந்த ஆய்வும், ஒருவர் ஏமாற்றுவது உடனிருப்பவரிடமும் தொற்றுகிறது என்றே கண்டது. கவனிக்க வேண்டியது, மெக்கேப், டிரெவினோ ஆய்வில் பேசப்படுவது ‘எண்ணம்’. மற்றவர்கள் உண்மையில் எவ்வளவு செய்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தேர்வு முடிந்து பேருந்து நிறுத்தத்தில் அடிக்கிற பெருமைப் பேச்சு, செய்ததைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருக்கும். அதைக் கேட்கும் நேர்மையான பிள்ளை, தான் மட்டும் ஏமாளியோ என்று நினைக்கத் தொடங்குகிறது.

இங்கே நட்பு என்ற ஒன்று உண்டு. நம் வகுப்பறைகளில் காப்பியின் பெரும்பகுதி பிட்டு அன்று, காட்டுவது. ‘மச்சி, ஒன் மார்க் மட்டும் காட்டு.’ காட்டாவிட்டால் அவன் சுயநலக்காரன், ‘ரொம்பப் பண்றான்’. காட்டுகிறவன் தன்னைக் குற்றவாளியாக ஒருபோதும் நினைப்பதில்லை. உதவி செய்தவனாக நினைக்கிறான். தன் சோற்றைப் பகிர்ந்து உண்ணும் விடுதிப் பிள்ளைகளிடம் விடையை மட்டும் பகிராதே என்று சொன்னால் அது அவர்களுக்குக் கஞ்சத்தனமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பகிர்வதைக் குற்றமாகப் பேசாமல், வகுப்பில் கூடிப் படிக்கும் நேரத்தை அதிகமாக்கி, தேர்வறையில் மட்டும் தனியாக எழுதுவது ஏன் என்று விளக்குவதுதான் வழி. அந்த விளக்கத்தை நாம் கொடுத்ததே இல்லை.

இந்த ‘உதவி’ என்ற சொல் முக்கியமானது. 1957இல் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா என்ற சமூகவியலாளர்கள், தவறு செய்யும் இளைஞர்கள் நேர்மையை வெறுப்பவர்கள் அல்லர் என்று எழுதினார்கள். அவர்களும் நேர்மையை மதிக்கிறார்கள். ஆனால் தவறு செய்யும் அந்த நேரத்துக்கு மட்டும் மனசாட்சியைச் சமாதானப்படுத்தச் சில பேச்சுகளை வைத்திருக்கிறார்கள். தேர்வில் ஏமாற்றுவோரிடமும் அதே பேச்சுகள் இருப்பதை 1980களில் வந்த ஆய்வுகள் காட்டின. நம் ஊர்ப் பேச்சில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள். ‘சார் பாடமே நடத்தல, நாங்க என்ன பண்றது?’ என்பதில் பொறுப்பு கைமாறுகிறது. ‘ஒரு மார்க்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?’ என்பதில் பாதிப்பு மறைகிறது. ‘அவங்க மட்டும் ஒழுங்கா? பணம் குடுத்து சீட்டு வாங்கலையா?’ என்பதில் கண்டிக்கிறவர் மீதே குற்றம் திரும்புகிறது. ‘ஃப்ரெண்டுக்காகப் பண்ணேன்’ என்பதில் விசுவாசம் விதியை வெல்கிறது.

இந்தப் பேச்சுகளில் சில உண்மையும்கூட. கணித ஆசிரியர் இல்லாமலே பாதி ஆண்டு ஓடும் பள்ளிகள் உண்டு. நீட் வழக்கில் லட்சங்கள் கைமாறியதாகச் செய்தி படித்த மாணவனிடம் ‘நேர்மையாக இரு’ என்று மட்டும் சொன்னால் அவனிடம் பதில் தயாராக இருக்கும். அவன் சாக்கை உடைக்க வேண்டுமானால் அந்தச் சாக்கில் உள்ள உண்மையை முதலில் நாம் சரிசெய்ய வேண்டும். ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவதும் காப்பியைத் தடுக்கும் நடவடிக்கைதான்.

ஓசூர் ஆசிரியர்களிடம் திரும்பலாம். ஓர் எண்ணை வைத்தே எல்லோரையும் அளந்து, அந்த எண்ணோடு வேலையையும் மரியாதையையும் கட்டிவிட்டால், அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்டு கேம்பெல் 1970களில் எச்சரித்தார். பிரையன் ஜேக்கப், ஸ்டீவன் லெவிட் இருவரும் சிகாகோ பள்ளிகளின் விடைத்தாள்களை அலசியபோது, ஆண்டுதோறும் குறைந்தது 4 முதல் 5 சதவீத வகுப்பறைகளில் ஆசிரியர்களோ அலுவலர்களோ விடைகளில் கைவைத்த தடயம் கிடைத்தது. அட்லாண்டா நகரில் 2011இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் சுட்டியது. ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்ற சொல் நம் மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் எப்படி ஒலிக்கிறது என்பதை எந்தத் தலைமையாசிரியரும் சொல்வார். பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூவையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகளும் இதே அழுத்தத்தில் விளைந்தவை. அதைத் தடுக்க 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு வந்தது; 2025இல் அது விலக்கப்பட்டது. ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழ்நாடு 2017இல் நிறுத்தியது. என் பார்வையில், கடந்த இருபது ஆண்டுகளில் தேர்வு நேர்மைக்காக நடந்த பெரிய செயல்களில் அதுவும் ஒன்று, அந்த நோக்கத்துக்காக அது பேசப்படாவிட்டாலும்.

தண்டனை வேண்டாமா? வேண்டும். 2024இல் நடுவண் அரசு பொதுத் தேர்வு முறைகேடுகளைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. நீட், ரயில்வே, வங்கித் தேர்வு போன்றவற்றில் முறைகேடு செய்வோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுச் சிறை. கும்பலாகச் செய்தால் ஐந்து முதல் பத்து ஆண்டும் குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதமும். அந்தச் சட்டம் குறிவைப்பது வினாத்தாள் விற்கும் கும்பல்களை; தேர்வு எழுதுகிறவர்களை அன்று. அது சரியான பிரிப்பு. குற்றவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிடப் பிடிபடுவது எவ்வளவு உறுதி என்பதே ஆளைத் தடுக்கிறது என்று. ஆண்டில் ஒருநாள் வந்து அதட்டிவிட்டுப் போகும் பறக்கும் படையைவிட, எல்லா நாளும் நிதானமாக அறையில் நடக்கும் ஒரு கண்காணிப்பாளர் மேல். பிள்ளைகளின் உடைக்குள் கைவிட்டுச் சோதிப்பது, காலணியைக் கழற்ற வைப்பது போன்றவை அவமானத்தை மட்டும் தருகின்றன. அவமானப்பட்டவரிடம் நேர்மையைக் கேட்கும் உரிமையை நாம் இழக்கிறோம்.

இன்னும் மென்மையான தடுப்பும் உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து ஆறு வயதுக் குழந்தைகள் கணக்குத் தேர்வு எழுதினார்கள். விடைத்தாள் பக்கத்து மேசையில் கண்ணுக்குத் தெரியும்படி கிடந்தது. இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு வெற்றுச் சட்டகத்தை நிறுத்தினாலே பார்ப்பது குறைந்தது. அதன் வழியாக எல்லாம் தெரியும், ஆனாலும் குறைந்தது. சட்டகம் இருப்பதுபோல் காற்றில் கோடு வரைந்து காட்டியதும்கூட வேலை செய்தது. நம் வயல் வரப்பு அரையடி உயரம்தான், யாரும் தாண்டலாம். ஆனால் அது அங்கே கிடப்பதே ‘இது அடுத்தவர் நிலம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மேசைகளைச் சற்றே தள்ளிப் போடுவது, தேர்வு தொடங்கும் முன் விதிகளை அமைதியாக ஒருமுறை சொல்வது போன்ற எளிய செயல்களுக்கு நாம் நினைப்பதைவிட வலிமை இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நேர்மை பற்றிய ஆய்வே நேர்மை தவறிய கதை இந்தத் துறையில் இருக்கிறது. படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதற்குப் பதில் மேலே வாங்கினால் பொய் குறையும் என்று 2012இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. அதன் தரவுகளில் ஒரு பகுதி இட்டுக்கட்டப்பட்டது என்று வெளியானதும் 2021இல் அது திரும்பப் பெறப்பட்டது. பத்துக் கட்டளைகளை நினைவூட்டினாலே ஏமாற்றுவது குறையும் என்ற இன்னொரு முடிவும், பல ஆய்வகங்கள் சேர்ந்து 2018இல் திரும்பச் செய்தபோது கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும் எண்ணிக்கை அழுத்தம் உண்டு: எத்தனை கட்டுரை, எந்த இதழ் என்று. பென்னாகரத்துப் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பிடித்து உலுக்கும் அதே விசைதான் அங்கும் வேலை செய்கிறது.

செய்யக்கூடியவற்றில் பெரியது, ஒரே தேர்வின் மேல் குவிந்த பாரத்தைப் பிரித்துப் போடுவது. அடிக்கடி நடக்கும் சிறு தேர்வுகள் நினைவாற்றலை வளர்க்கும் என்பது 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி செய்த ஆய்வு முதல் பலமுறை உறுதியானது. நம்மிடம் இடைப்பருவம், காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் என்று தேர்வுகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ரேங்க் கார்டு, ஒவ்வொன்றுக்கும் பெற்றோர் கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் அடி என்று வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை, மதிப்பெண் பதிவேட்டில் ஏறாத, தப்பு செய்தால் திருத்திக்கொள்ளும் ஒரு சிறு தேர்வை வைத்துப் பாருங்கள். அதில் காப்பியடிக்க யாருக்கும் காரணம் இருக்காது. பிள்ளைக்கு எது தெரியாது என்பது மார்ச்சில் இல்லாமல் ஆகஸ்டிலேயே தெரிந்துவிடும்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பொதுத் தேர்வில் தவறியவர்களுக்கு முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அதே ஆண்டிலேயே மேலே படிக்கலாம், ஆண்டு வீணாவதில்லை. இந்தச் செய்தியை முடிவு வந்த அன்று ஆறுதலாகச் சொல்லாதீர்கள். தேர்வுக்கு முன்பே சொல்லுங்கள். பெங்களூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ போனில் பேசினாலும் போதும்: ‘தெரிஞ்சத எழுது, தெரியலன்னா விட்டுட்டு வா, அடுத்து பாத்துக்கலாம்.’ பிள்ளை ரொம்பப் பயந்திருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் சுகாதாரத் துறையின் 104 எண்ணும் இருக்கின்றன. இரண்டிலும் பேச ஆள் உண்டு. அந்த எண்களை இன்றே பிள்ளையின் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.